புல்லு வெட்டும் மெசின் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது: ஒயில் கலந்ததில் பிழையா?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

வணக்கம். மாரி மழைக்குப் பின்னர் எங்கள் தென்னங்காணியில் புல்லும் நாயுண்ணிப் பற்றையும் இடுப்பளவுக்கு எழுந்துவிட்டதால், கூலிக்கு ஆள் தேடி அலைந்து களைத்து, சென்ற மாதம் தோளில் கொளுவும் பெற்றோல் மெசின் ஒன்றை வாங்கினேன். "லீற்றருக்கு ரெண்டு மூடி ஒயில் விடுங்கோ" என்று கடையில் சொன்னார்கள். எந்த மூடி என்று நானும் கேட்கவில்லை. முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் மச்சான், படகு இயந்திரத்துக்கு வாங்கி வைத்திருந்த ஒயிலில் ஒரு போத்தல் தந்தார். பெற்றோல் கானில் இருந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற பயம் இன்னும் போகாததால் வீட்டில் எப்போதும் ஐந்து லீற்றர் வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாளும் நன்றாக ஓடிய மெசின் இப்போது வெள்ளைப் புகை கக்குகிறது, சைலன்சர் வாயில் கரிய எண்ணெய் வடிகிறது, பத்து நிமிடம் ஓடியதும் இரைச்சல் தேய்ந்து நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் வைத்துவிட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுத்து ஈரமாக இருந்தது. இன்னொரு சந்தேகம்: இரும்புத் தகட்டைக் கழற்றித் தங்கூசித் தலையை (நைலோன் நூலால் வெட்டுவது) பூட்ட நினைத்தேன், ஆனால் நட் அசையவே இல்லை.

பதில் (மாங்குளம்)

முதலில் அது இரண்டு ஸ்ரோக் மெசினா, நான்கு ஸ்ரோக் மெசினா என்று பாருங்கள். எஞ்சினின் கீழே ஒயில் ஊற்றவும் அளவு பார்க்கவும் தனியாக ஒரு மூடி இருந்தால் அது நான்கு ஸ்ரோக். அதன் பெற்றோலில் ஒயில் கலக்கவே கூடாது. என்னுடையது அந்த வகை.

பதில் (கிளிநொச்சி)

தம்பி, புகையையும் இடையில் நிற்பதையும் ஒரே வருத்தமாகப் பார்க்க வேண்டாம். புகை, ஈரமான பிளக், சைலன்சரில் வடிகிற எண்ணெய் மூன்றும் ஒயில் கூடியதற்கு அடையாளம். தொட்டியின் மூடியிலோ பக்கத்திலோ 25:1 அல்லது 50:1 என்று அச்சிட்டிருப்பார்கள். 25:1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில், 50:1 என்றால் 20 மில்லிலீற்றர். மூடிக் கணக்கை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் 20 மில்லிலீற்றர் சிறிஞ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒயில் கூடினால் புகையும் கரியும்தான், பிளக்கைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். குறைந்தால் பிஸ்ரன் இறுகிப் பிடித்துவிடும், அதற்குப் பிறகு கராஜில் நாங்கள் செய்வதற்கும் அதிகம் இருக்காது.

மச்சான் தந்ததும் இரண்டு ஸ்ரோக் ஒயில்தான், ஆனால் தண்ணீரால் குளிர்கிற படகு எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. உங்களுடைய மெசின் காற்றால் மட்டுமே குளிர்வதால் அதைவிட அதிகமாகச் சூடேறும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கான இரண்டு ஸ்ரோக் ஒயிலைத்தான் விட வேண்டும். நான்கு ஸ்ரோக் மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற எஞ்சின் ஒயிலையும் கலக்காதீர்கள். கலக்கும்போது, மெசினின் தொட்டிக்குள் நேரே ஊற்றாமல், தனிக் கானில் பாதிப் பெற்றோலை விட்டு, ஒயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெற்றோலை விட்டு மறுபடியும் குலுக்குங்கள். தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை குலுக்குங்கள். ஒரு மாதத்துக்குள் முடியக்கூடிய அளவுக்குமேல் கலந்து வைக்க வேண்டாம். எஞ்சின் ஆறிய பின்னர், வெறுந்தரையில் வைத்து ஊற்றி, மூன்று மீற்றராவது தள்ளிப்போய்க் கயிற்றை இழுங்கள். தண்ணீர்ப் போத்தலில் கலவையை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் இருக்கிற வீடு.

தகட்டின் நட் எதிர்ப்புரி. கியர்ப் பெட்டியில் உள்ள துளையையும் தகட்டின் மேல் வளையத்தில் உள்ள துளையையும் நேராக்கி, ஒரு கம்பியைச் செருகித் தகடு சுழலாமல் பிடித்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். வழக்கமான நட் என்று நினைத்து நீங்கள் இதுவரை இறுக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இரண்டு ஸ்ரோக் மெசின்தான். தொட்டியில் 25:1 என்றே எழுதியிருந்தது. படகு ஒயில் போத்தலின் மூடியைச் சிறிஞ்சால் அளந்து பார்த்தேன்: ஒரு மூடி 45 மில்லிலீற்றர்! அப்படியென்றால் லீற்றருக்கு 90, ஏறத்தாழ 11:1. பழையதைத் தொட்டியிலிருந்து வடித்துவிட்டு, சரியான ஒயில் வாங்கிப் புதிதாகக் கலந்தேன். பிளக்கையும் துடைத்துப் பூட்டினேன். புகை போய்விட்டது. நட்டும் கழன்றுவிட்டது. ஆனால் மெசின் பத்து, பதினைந்து நிமிடத்தில் நிற்பது மட்டும் மாறவில்லை.

பதில் (கிளிநொச்சி)

அடுத்த முறை நின்றவுடன், எதையும் தொடாமல், காபுரேற்றரின் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பகுதி) கீழே உள்ள ரப்பர்க் குமிழ் சப்பையாகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு தொட்டி மூடியை மெல்லத் திறந்து, காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். பெற்றோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று வர ஒரு வழி வேண்டும். அந்த வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் குழாயில் ஏறாது. அரை மணித்தியாலம் வைத்திருக்கும்போது காற்று எங்காவது கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடி ஓடுகிறது.

பதில் (புதுக்குடியிருப்பு)

தங்கூசித் தலை புல்லுக்குத்தான் நல்லது, நாயுண்ணித் தண்டுக்குத் தகடு வேண்டும். தகடு பூட்டி வெட்டும்போது, வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்தால், 12 க்கும் 3 க்கும் இடைப்பட்ட வலது முன்பக்கத்தால் தடித்த தண்டைத் தொடாதீர்கள், மெசின் உங்களைத் தூக்கி எறியும். வலமிருந்து இடமாக வீசி, இடப்பக்கத்தால் வெட்டுங்கள். 15 மீற்றருக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, கண்ணாடியும் சப்பாத்தும் இல்லாமல் இறங்கவும் கூடாது. நம்முடைய பகுதியில் நீண்டகாலம் ஆள் நடமாடாத பற்றைக்குள், கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று விசாரிக்காமல் மெசினைக் கொண்டுபோக வேண்டாம்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது போலவே இருந்தது ஐயா. மெசின் நின்றபோது குமிழ் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மூடியை அரைச் சுற்றுத் திருப்பியதும் 'ஸ்ஸ்' என்று காற்று இழுபட, குமிழ் என் கண்முன்னே நிமிர்ந்தது. மூடியின் நடுவில் குண்டூசித் தலையளவு துளை. வடிந்த ஒயிலில் செம்மண் தூசி ஒட்டி, களிம்பு போல இறுகியிருந்தது. உள்ளே ரப்பர் வால்வு இருப்பதால் ஊசியால் குத்தாமல், பெற்றோலில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தேன்; பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காயவைத்தேன். இன்று காலை ஒரு தொட்டி முடியும்வரை நிற்காமல் ஓடியது. மீதி ஒயில் போத்தலை மச்சானிடமே கொடுத்துவிட்டேன். அவருடைய படகுக்கு அது உதவும்.