விருச்சிக மாசத்துல விருச்சிகத்தைக் காணலியே?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துல இரணியல் பக்கம், மொட்டை மாடி. விருச்சிகம் 5 (நவம்பர் 20 வாக்கில), ராத்திரி ஏழரை மணி. விருச்சிக ராசியான தேள் நட்சத்திரக் கூட்டத்தைத் தேடினா எந்தப் பக்கமும் இல்ல. வான ஆப், அடிவானத்துக்குக் கீழ காட்டுது. ஆப் கோளாறா, போன் திசைகாட்டி கோளாறா அண்ணே?

பதில் 1: ரெண்டும் இல்ல மக்கா. கொல்லம் கணக்குல (மலையாள நாட்காட்டி) மாசத்துக்குப் பேரே சூரியன் நிக்கிற ராசிதான். சூரியன் இறங்குறப்பவே தேளும் கூட இறங்கிரும். அப்ப ராத்திரியில பாக்க வேண்டியது எதிர் ராசி, இடவம் (ரிஷபம்). எட்டு மணிக்குக் கிழக்கே கொஞ்சம் வடக்கு சாய்ஞ்சு, மூணு முஷ்டி உயரத்துல கார்த்திகைக் கூட்டம் கிடக்கும் (கையை நீட்டிப் பிடிச்சா ஒரு முஷ்டி 10 பாகை). அதுக்குக் கீழ செம்மஞ்சளா ரோகிணி. மத்த ஊர்ல இதே மாசத்தைக் கார்த்திகைன்னு சொல்றது ஏன்? பௌர்ணமி நிலா அந்தக் கூட்டத்துப் பக்கம் வருதே, அதான்.

தேள்தான் வேணும்னா மார்ச் பாதியில விடியக்காலம் 5 மணிக்குத் தெற்கே பாருங்க. ஜூலை பாதியில ராத்திரி ஒன்பதே காலுக்கும் அங்கதான் நிக்கும், ஆனா கர்க்கடக (ஆடி) மாச மேகம் விடாது. நம்ம ஊரு அட்சரேகை 8 பாகை. தேள்ல இருக்கிற கேட்டை நட்சத்திரம் 55 பாகை வரை ஏறும், வால் முழுசும் தெரியும். லண்டன்ல வால் முழுசா அடிவானத்துக்கு மேல ஏறாது.

வடக்கு கண்டுபிடிக்க துருவ நட்சத்திரத்தை நம்பாதீங்க. ஒரு முஷ்டி உயரம்கூட இல்ல, தென்னை மறைச்சிரும். திசைகாட்டியில சந்தேகம்னா நிலாவுக்கு நேரா போனைப் பிடிங்க. ஆப் நிலா அதுமேல விழலேன்னா காந்தம் வச்ச கவரைக் கழட்டி, போனை எட்டு போடுற மாதிரி சுத்துங்க. தளத்துக் கம்பியும் இழுக்கும், கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்க.

கேட்டவர்: சரி. ஆனா அன்னைக்கு ஆப்புல சூரியன் துலாத்துல நிக்குதே?

பதில் 2: அளவு வேற வேற. பஞ்சாங்கம் வட்டத்தை 30 பாகை வீதம் 12 சம துண்டா வெட்டுது. ஆப் எடுக்கிறது 1930-ல வந்த சர்வதேச வானியல் ஒன்றியத்து நட்சத்திரக் கூட்ட எல்லை. அதுல சூரியன் நவம்பர் 23 வாக்கில விருச்சிகத்துல நுழைஞ்சு, ஒரே வாரத்துல வெளியேறி, டிசம்பர் 17 வரை பாம்புதாரிங்கிற (Ophiuchus) நட்சத்திரக் கூட்டத்துல நிக்கும். பாம்புதாரி பஞ்சாங்கத்துல கிடையாது. கொடுக்குல இருக்கிற மூலம் வானத்துல தேளோட உடம்பு, பஞ்சாங்கத்துல தனுசு!

இங்கிலீஷ் பத்திரிகை ராசிபலன் மூணாவது கணக்கு. அதுல அக்டோபர் 23 வாக்கிலேயே விருச்சிகம் வந்திரும். பூமியோட அச்சு 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகருது. அப்படி இந்தக் கணக்குக்கும் பஞ்சாங்கத்துக்கும் சேர்ந்த வித்தியாசம் இப்ப சுமார் 24 பாகை, அதுதான் அயனாம்சம். ஆப்புல எல்லைக் கோட்டை அணைச்சிட்டு, சூரியப் பாதைக் கோட்டை மட்டும் போட்டுப் பாருங்க.