‘கதிரறுவை’யில் உள்ள அறுவை

அன்புடையீர், வணக்கம்.

மண்டையோட்டின் அடித்தளத்தில் தோன்றும் அரிய கட்டிகளுக்குச் செய்யப்படும் ரேடியோசர்ஜரிக்குக் (பல கதிர்களைக் கட்டியின் மேல் குவித்து அளிக்கும் சிகிச்சைக்கு) ‘கதிரறுவை’ என்ற சொல்லைச் சென்ற மடலில் ஐயா முன்மொழிந்திருந்தார். சொல் சுருக்கமானது, ஓசையும் நன்று. ஆயினும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப் பெரியவர்களுக்காக நாங்கள் தொகுத்துவரும் சிறு மருத்துவச் சொற்பட்டியலில் அதைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இச்சிகிச்சையில் எதுவும் அறுக்கப்படுவதில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் இப்பெயரைச் சூட்டியபோது அவருக்கு இந்த இடர்ப்பாடு இல்லை; ‘சர்ஜரி’ என்பதன் கிரேக்க வேர் கையால் செய்யும் வேலை என்றே பொருள்படும், கத்தி அதில் இல்லை. தமிழிலோ ‘அறுவை’ என்றதும் கத்தி வந்துவிடுகிறது. (சலிப்பூட்டும் பேச்சையும் அச்சொல் குறிப்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.) ‘வாளால் அறுத்துச் சுடினும்’ என்று குலசேகராழ்வார் மருத்துவனைப் பாடியபோதே அறுத்தலும் சுடுதலும் நம் மொழியில் தனித்தனிச் செயல்கள். சுடுதலும் இங்கே பொருந்தாது என்பதே என் கருத்து; கதிர் கட்டியைப் பொசுக்குவதில்லை, உயிரணுக்களின் டிஎன்ஏவைச் சிதைத்து அவை பெருகாதபடி செய்கிறது. கட்டி மறையாவிட்டாலும், மேற்கொண்டு வளராமல் நின்றுவிட்டால் அதையே வெற்றியாகக் கொள்வர்.

இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் என் பெரியம்மாவுக்கு அறுவைக்குப் பின் எஞ்சிய கட்டிக்காக இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். நான் விளக்கும்போது ‘கதிர் அறுவை’ என்று சொன்னதும், “மறுபடியும் தலையைத் திறக்கப் போறாங்களாய்யா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஆகவே ‘குவிகதிர்ச் சிகிச்சை’ என்பதை முன்வைக்கிறேன். 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்த, இச்சிகிச்சைக்கான முதல் காமா நைஃப் கருவியில் கதிர்களை உமிழும் 179 கோபால்ட்-60 மூலங்கள் இருந்தன. ஒவ்வொரு கதிரும் தனித்து வலுவற்றதாதலால் வழியிலுள்ள மூளைத் திசுவுக்குப் பெருந்தீங்கு செய்யாது. அனைத்தும் கூடும் புள்ளியில் மட்டுமே கதிரின் அளவு மிகுகிறது. பார்வை நரம்பும் மூளைத்தண்டும் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே அமைந்த மண்டையடியில் சிகிச்சை இயலுவது இந்தக் குவிதலால்தான். குவி வில்லையால் (லென்ஸால்) வெயிலில் தாளைக் கருக்கிப் பார்த்த எவருக்கும் இச்சொல் விளங்கும்.

வாரக்கணக்கில் நீளும் வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையிலிருந்து இதைப் பிரிப்பது ஒரே அமர்வில், மிஞ்சினால் ஐந்து அமர்வுகளில், முடிவதாகும். அதை என் சொல் உணர்த்தவில்லை என்று ஐயா மறுக்கலாம். உண்மைதான், ஆனால் ‘கதிரறுவை’யும் அதை உணர்த்தவில்லை. கேப் டவுனுக்கு அருகே ஃபோர் என்ற ஊரில் 1993இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சையை இதில் சேர்க்க வேண்டியதில்லை. புரோட்டான் குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடுவது, அதற்குத் தனிச்சொல் தகும்.

மண்டையடியில் தோன்றும் அரிய கட்டிகளில் ஒன்றான கார்டோமாவுக்கு ‘முதுகுநாண் எச்சக் கட்டி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், கருவின் முதுகுநாணில் (முதுகெலும்பு உருவாகுமுன் அமையும் தண்டில்) எஞ்சிய அணுக்களிலிருந்தே அது தோன்றுவதால். சற்று நீளம், ‘எச்சநாண் கட்டி’ என்று குறைத்தால் பொருள் கெடுமா என்பதை ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து