ஒலிநூலாகக் கேட்ட நாவல்கள்: வாசிப்பவர் குரல் கதையைக் கெடுக்குமா?

டோம்பிவிலி பயணி:

நண்பர்களுக்கு வணக்கம். மும்பைப் புறநகர் ரயிலில் டோம்பிவிலியில் ஏறி, கடைசி நிலையமான வி.டி.யில் (இன்றைய சி.எஸ்.எம்.டி.) இறங்கும் எனக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. மேல்பிடியைப் பற்றிய கையை மறுபடி கீழே இறக்க இடமில்லாத நெரிசலில் புத்தகம் விரிக்க முடியாது என்பதால், கடந்த சில மாதங்களாக நாவல்களைக் காதால் கேட்டு வருகிறேன். அண்மையில் முடித்த நான்கைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டு, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறேன்.

முதலில் 'பொன்னியின் செல்வன்'. கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது வர்ணனைப் பக்கங்களைத் தாண்டிச் சென்றவன் நான். கேட்கும்போது தாண்டத் தோன்றவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை ஆதலால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சில் வந்து நிற்கிறது. அலுவலகம் போகிறவனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது. ஆனால் வாசித்தவர் ஆளுக்கொரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசியதில், பெரிய பழுவேட்டரையர் வாய் திறந்தபோதெல்லாம் ஒலியைக் குறைக்க வேண்டியதாயிற்று. நந்தினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வஞ்சகம் என்றால் இழுத்து இழுத்துப் பேச வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

'கோபல்ல கிராமம்' பெரிய ஏமாற்றம். மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுகிழவி, தம் முன்னோர் தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்லச் சுற்றியிருப்போர் கேட்கிற நாவல் அது; காதுக்கென்றே பிறந்தது என்று நம்பித்தான் தொடங்கினேன். வாசித்தவரோ கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பேச்சைப் பள்ளிக்கூடத்துச் செய்யுள்போல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

நான்கில் சிறந்தது 'பதினெட்டாவது அட்சக்கோடு'. ஐதராபாத் இந்தியாவுடன் இணைவதற்கு முந்தைய பதற்றமான மாதங்களில், சிகந்தராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக வளரும் சந்திரசேகரனின் கதை. அசோகமித்திரன் எங்கும் குரலை உயர்த்தாதவர். வாசித்த அம்மையாரும் உயர்த்தவில்லை. பந்து வீச்சையும் கலவரச் செய்தியையும் ஒரே தொனியில் அவர் சொல்லிக்கொண்டே போனதால், கடைசி அத்தியாயம் முடிந்த காலையில் வி.டி.யில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் பெட்டியிலேயே நின்றுகொண்டிருந்தேன். எதிர்த்திசைக்கு ஏறியவர்கள் என்னை இடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

நான்காவது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. நாயகி யமுனாவின் தாய் தஞ்சாவூர் மராத்தியர் என்பதால் இந்த ஊரில் வாழ்பவனுக்கு அந்நாவல்மீது தனி ஒட்டுதல் உண்டு. நான் பணம் கட்டிய செயலியில் கிடைத்ததோ இயந்திரக் குரல் என்பது இரண்டாம் நிமிடத்தில்தான் புரிந்தது. நாயகன் பெயரான 'பாபு' என்பதன் முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். அது 'பட்டம்' என்பதில் வருவதுபோல் ஒலித்தது. (இந்த வேறுபாட்டை எழுதிக் காட்டவும் நம் எழுத்தில் வழியில்லை, இயந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லைதான்.) ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்கும் பகுதிகளையும் வங்கி அறிவிப்பு வாசிப்பதுபோல் வாசித்தது. பிடிவாதமாக முடித்தேன், முடித்தேன் என்பதைத் தவிரச் சொல்வதற்கு எதுவுமில்லை.

என் கேள்வி இதுதான்: ஒரு நாவல் காதுக்கு ஏற்றதா என்பதை நாவல் தீர்மானிக்கிறதா, வாசிப்பவர் தீர்மானிக்கிறாரா? பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் எதைக் கவனித்துத் தேர்வு செய்கிறீர்கள்?

மாட்டுங்கா மகள்:

நந்தினியின் குரல் குறித்து நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்; அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு 84 வயது. பார்வை மங்கிய பிறகு இரண்டு ஆண்டுகளாக ஒலிநூல்தான் அவருக்குத் துணை. 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில் அவர் சிறுமி; கூடத்தில் பெரியப்பா இதழை உரக்க வாசிக்க, வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்பார்களாம். ஆகவே அவரைப் பொறுத்தவரை அது முதலிலிருந்தே கேட்ட கதைதான். தொடக்க வரியிலேயே கல்கி 'நேயர்களை' அழைக்கிறார் என்பதை அவர்தான் எனக்குச் சுட்டிக் காட்டினார். இன்று அச்சொல்லை வானொலியில்தான் அதிகம் கேட்கிறோம்.

ஆனால் குரல் மாற்றிப் பேசுவது தவறு என்ற உங்கள் தீர்ப்பை அம்மா ஏற்கவில்லை. பெரியப்பாவும் பழுவேட்டரையருக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் பேசுவாராம். யார் பேசுகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள இயலாதவருக்கு அந்த வேறுபாடு தேவைப்படுகிறது என்பதை நானும் இப்போதுதான் உணர்கிறேன். அவருடைய புகார் வேறு: அத்தியாயங்களுக்கிடையே ஒலிக்கும் இசை வாசிப்பைவிட இரு மடங்கு சத்தமாக வருகிறது, மதியத் தூக்கம் கலைந்துவிடுகிறது.

செம்பூர்க்காரர்:

மாதிரியாகத் தரும் முதல் ஐந்து நிமிடத்தை நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் முன்னுரையோ வர்ணனையோதான் இருக்கும். வர்ணனையை யாரும் ஒப்பேற்றிவிடலாம். இரண்டு பேர் சண்டையிடும் இடம் எங்கேயாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கே 'என்றான்', 'என்றாள்' என்பவற்றை மெல்ல விழுங்கத் தெரிந்தவரே நல்ல வாசிப்பாளர். ஒவ்வொரு 'என்றா'னையும் அழுத்திச் சொல்பவருடன் நானூறு பக்கம் பயணம் செய்ய முடியாது.

அடுத்தது லகர, ளகரம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பக் கதை ஒன்றில் மருமகள் விடியற்காலையில் 'கொல்லைக்குப் போனாள்' என்பதை வாசித்தவர் 'கொள்ளைக்குப் போனாள்' என்று உச்சரித்தார். வீட்டின் பின்பக்கம் போன அந்தப் பெண் அன்றிலிருந்து எனக்குத் திருட்டுக் கூட்டத் தலைவியாகவே தெரிகிறாள்.

'மோகமுள்'ளைப் பொறுத்தவரை உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். தி. ஜானகிராமன் வானொலியில் பல்லாண்டு பணியாற்றியவர். அவருடைய உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் மூச்சு எங்கே விடவேண்டும் என்பதுகூடத் தானாகத் தெரியும். உங்கள் கேள்விக்கு என் பதில் அதிலேயே இருக்கிறது: நாவல் இடம் கொடுக்கிறது, வாசிப்பவர் அதைக் கண்டுகொள்ள வேண்டும்.

முலுண்ட் வாசகி:

கரிசல் பேச்சு குறித்து ஒரு மாற்றுக் கருத்து. நான் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். வட்டார வழக்கை முழு வேகத்தில் வாசித்தால் எனக்குப் பாதி புரிவதில்லை. நீங்கள் குறைகூறிய அந்த நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் பதிவினால்தான் 'கோபல்ல கிராம'த்தை என்னால் முடிக்க முடிந்தது. நாஞ்சில் நாடனின் 'மிதவை'யை அச்சில் படித்தபோது, வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் பகுதி எனக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. நாஞ்சில் நாட்டுப் பகுதியில்தான் பக்கத்துக்குப் பக்கம் என் தந்தையிடம் பொருள் கேட்டேன். அதைக் கேட்பதானால் நிதானமான குரலாகவே தேடுவேன்.

டோம்பிவிலி பயணி:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்; பெரியப்பாவின் கனைப்பைக் கேட்ட காதுடன் நான் வாதிட மாட்டேன். முலுண்ட் சகோதரி சொன்னது எனக்குத் தோன்றாத கோணம். கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் என் காதை வைத்தே எல்லாருக்கும் அளவு சொல்லிவிட்டேன்.

செம்பூர் நண்பர் சொன்ன சோதனையை நேற்று மாலை இரண்டு பதிவுகளில் செய்து பார்த்தேன். முதலாமவர் சண்டைக் காட்சியில் ஆறு முறை 'என்றான்' என்று முழங்கினார். காட்கோபர் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். இரண்டாமவரைத் தாணே வரை கேட்டேன், தொடரலாம் என்றிருக்கிறேன். 'மோகமுள்'ளை மட்டும் இனி அச்சில்தான் படிப்பது என்று முடிவு செய்து பையில் வைத்திருக்கிறேன். உட்கார இடம் கிடைக்கும் நாளில் அதைப் பிரிப்பேன். டோம்பிவிலியில் ஏறுகிறவனுக்கு அந்த நாள் எப்போது வரும் என்பதை மத்திய ரயில்வேயில் பயணம் செய்கிறவர்கள் அறிவீர்கள்.