ஹரிகேன் வருமுன் வீட்டுக் குழாய்கள்: பட்டவர்கள் சொல்கிறோம்

ஹூஸ்டன், டெக்சாஸ்

வணக்கம். ஜூன் 1 பிறந்துவிட்டால் நவம்பர் 30 வரை ஹரிகேன் சீசன்; இங்கே எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுதான்: ஜெனரேட்டர், ஜன்னலுக்குப் பலகை, டார்ச் பேட்டரி. குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னை அதைப் பேச வைத்தது ஹார்வி புயல்.

2017 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை இரவு. முந்தின இரவுதான் புயல் ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்திருந்தது. எங்கள் பக்கம் காற்று பெரிதாக இல்லை. மழைதான் கொட்டித் தீர்த்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாசலைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி. இரவு ஒரு மணி இருக்கும், கீழ்த்தளத்து பாத்ரூமில் ‘களக், களக்’ என்று சத்தம். கூஜாவைக் கவிழ்த்தால் வருமே, அது மாதிரி. விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஷவர் தரையில் இருக்கும் ஜல்லடை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் குமிழ்விட்டு மேலே வருகிறது. மழைத்தண்ணீர் இல்லை என்பதை நாற்றமே சொல்லிவிட்டது.

பழைய துண்டுகளைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கி வைத்தேன். நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாடியில் அம்மா டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தார். என் கண்ணெதிரே ஷவர் தரையில் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. தெருவின் கழிவுநீர்க் குழாய் மழைநீரால் நிரம்பிவிட்டது. கழிவைத் தள்ளும் பம்ப் நிலையத்துக்குக் கரண்ட் போனாலும் இதே கதைதான். நம் வீட்டுத் தண்ணீருக்குப் போக இடமில்லை; வீட்டில் எந்த வாய் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ, அதன் வழியாகத் திரும்பி வரும். உடனே மாடிக்கு ஓடி, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிங்க்கில் விடக்கூடாது என்று சொன்னேன். அதன் பிறகு ஏறுவது மெதுவானது. ஆனால் கீழ்த்தளத்துத் தரை அதற்குள் போய்விட்டது.

விடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பினோம். மெயின் வால்வை மூடிவிட்டுப் போகலாம் என்று கராஜில் இருந்த வட்டப் பிடியைத் திருகினேன். அசையவில்லை. வீடு கட்டியதிலிருந்து யாரும் தொடாத வால்வ். இன்னும் பலமாகத் திருகியிருந்தால் தண்டு முறிந்து, சுத்தமான தண்ணீரும் உள்ளே பீய்ச்சியிருக்கும். திறந்தபடியே விட்டுவிட்டுப் போனோம்.

வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு வேலை செய்தேன். ஒன்று, அந்த வால்வை எடுத்துவிட்டுக் கால் சுற்றில் மூடும் பால் (பந்து) வால்வ் போட்டேன். இரண்டாவது, வீட்டின் கழிவுக் குழாய் தெருவுக்குப் போகும் வழியில் பேக்வாட்டர் வால்வ் வைத்தேன். உள்ளே ஒரு மடல் இருக்கும். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும். எதிர்த்து வந்தால் அழுந்தி மூடிக்கொள்ளும். இதைப் போட்டவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கவே கூடாது. மடல் மூடியிருக்கும்போது நாம் விடும் தண்ணீரும் வெளியே போக முடியாது, ஆகையால் புயல் நேரத்தில் ஃப்ளஷ், வாஷிங் மெஷின், குளியல் எதுவும் கூடாது. அப்புறம், மடலில் முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிக்கொண்டால் அது முழுசாக மூடாது. ஒவ்வொரு மே மாதமும் மூடியைக் கழற்றிக் கையுறை போட்டுக்கொண்டு துடைக்கிறேன். ஒரு தடவை பல் குத்தும் குச்சி அளவு துரும்பு ஒன்று மடலுக்கும் விளிம்புக்கும் நடுவில் குறுக்கே கிடந்தது. அதுவே போதும், சாக்கடை உள்ளே வர.

பேக்வாட்டர் வால்வ் இல்லாதவர்கள், தோட்டத்தில் வெள்ளை மூடியோடு துருத்திக்கொண்டிருக்கும் கிளீன்அவுட் (கழிவுக் குழாயில் அடைப்பு எடுக்கத் திறக்கும் வாய்) எங்கே என்றாவது பார்த்து வையுங்கள். வீட்டுத் தரையைவிட அது தாழ்வாக இருந்து, அங்கே தண்ணீர் தேங்காமல் இருந்தால், மூடியைத் திறந்துவிடும்போது கழிவு வீட்டுக்குள் ஏறாமல் புல்வெளியில் வழியும். அருவருப்புதான், ஆனால் வீடு பிழைக்கும். அழுத்தத்தில் இருக்கும் மூடி சட்டென்று தெறிக்கலாம். முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். தோட்டமே மூழ்கியிருந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள். வெள்ளம் முழுவதும் அதன் வழியாக உள்ளே வந்துவிடும்.

2024 ஜூலை 8 காலை பெரில் புயல் வந்தபோது இந்த வால்வ் பழக்கம் வேறு விதமாக உதவியது. பக்கத்து வீட்டு ஓக் மரம் வேரோடு சாய்ந்தது. வேர் மண்ணைத் தூக்கியபோது மீட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாயையும் சேர்த்துப் பிய்த்துவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் ஊற்று மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடிப் பயனில்லை, உடைப்பு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. நான் வாங்கி வைத்திருந்த நீளமான மீட்டர் சாவியை எடுத்துப் போய், நடைபாதை ஓரம் மீட்டர் பெட்டியைத் திறந்து, சேற்றைக் கையால் வழித்தெடுத்துவிட்டுக் கால் சுற்று திருப்பினேன். நின்றது. இப்படி ஒரு தெருவில் பத்து வீட்டில் உடைந்தால் ஊர்க் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். டெக்சாஸில் அழுத்தம் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் மெயினை மூடிவிட்டுப் போவது அக்கம்பக்கத்துக்கும் செய்கிற உதவி.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.


செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஃப்ளோரிடா

அண்ணா, அம்மா ஃப்ளஷ் செய்ததைப் படித்ததும் எனக்கு ஹெலீன் புயல் ஞாபகம் வந்துவிட்டது. 2024 செப்டம்பர் கடைசியில் கடல் ஏறி வரும் என்று எங்கள் ஊரின் வடகிழக்குக் கழிவுநீர் நிலையத்தையே மூடினார்கள். குளிக்காதீர்கள், ஃப்ளஷ் செய்யாதீர்கள் என்று செய்தி வந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 9 இரவு மில்டன் புயல். அன்று நள்ளிரவில் மெயின் குழாய் உடைந்து ஊருக்கே குடிநீரை நிறுத்தினார்கள். ஆக ஒரே மாதத்தில், தண்ணீர் இருந்தும் விட முடியாத நாளையும் பார்த்தேன், தண்ணீரே இல்லாத நாளையும் பார்த்தேன்.

ஹெலீனுக்கு முந்தின இரவு குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். காலையில் பார்த்தால் பாதிகூட இல்லை! அடைப்பான் வழியாகச் சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது. மில்டனுக்கு முன்னால், வடிகால் வாயைத் துடைத்துக் காயவைத்து, மேலே தடிமனான பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு நிரப்பினேன். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. அந்தத் தண்ணீர் டாய்லெட்டுக்கு மட்டும்தான். டாங்க்கில் ஊற்ற வேண்டாம். ஒன்றரை கேலன் போல வாளியில் எடுத்துக் கிண்ணத்தில் ஒரே வீச்சில் ஊற்றினால் இறங்கிவிடும். கழிவுநீர் நிலையம் மூடியிருக்கிற நாளில் அதுவும் கூடாது.

குடிக்கவும் சுத்தத்துக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், குறைந்தது மூன்று நாளுக்கு என்பது அரசு சொல்லும் கணக்கு. நாங்கள் நாலு பேர், ஒரு வாரத்துக்கு 28 கேலன். பாட்டில் போதாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் குடம், அண்டா, குக்கர் எல்லாவற்றையும் நிரப்பி மூடினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு இது புதிதில்லை. பிள்ளைகளுக்குத்தான் வேடிக்கையாக இருந்தது.

பலருக்குத் தெரியாதது, கராஜில் நிற்கும் வாட்டர் ஹீட்டரில் 40, 50 கேலன் நல்ல தண்ணீர் இருக்கிறது. எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் பிரேக்கரை அணைக்க வேண்டும், காஸ் என்றால் காஸை. டாங்க் காலியாக இருக்கும்போது கரண்ட் வந்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி எரிந்துவிடும். அடுத்து, ஹீட்டருக்கு வரும் பச்சைத்தண்ணீர் வால்வை மூடுங்கள். தெருவில் அழுத்தம் போன பிறகு வருகிற அழுக்குத் தண்ணீர் உள்ளே கலக்காமல் இருக்கும். ஆற விட்டு, வீட்டில் ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் கீழே தண்ணீர் இறங்கும். பிறகு அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறக்கலாம். எனக்கு முதல் இரண்டு சொம்பு செம்மண் கலரில் மணல் மணலாக வந்தது. அப்புறம் தெளிந்தது. வருடம் ஒரு முறை வடித்துக் கழுவியிருந்தால் அந்த மணலும் இருந்திருக்காது. இப்போது மே மாதம் அதைச் செய்கிறேன்.

குழாயில் வந்த தண்ணீரைச் சில நாள் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டுத்தான் குடித்தோம். கொதிக்கவைக்கச் சொன்ன அறிவிப்பு முடிந்ததும் ஃப்ரிட்ஜின் ஃபில்டரை மாற்றுங்கள், ஐஸ் டப்பாவைக் கொட்டுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.


எடிசன், நியூ ஜெர்சி

ஹரிகேன் தெற்கே இருப்பவர்கள் பாடு என்று இங்கே நினைத்திருந்தோம். ஐடா புயல் 2021 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவில் கரை ஏறியது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 1 இரவு, அதன் மிச்சம் எங்கள் தலையில் இறங்கியது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் பெய்தது. அந்த நகரில் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் மட்டும் 11 பேர் இறந்தார்கள்.

எங்கள் பேஸ்மென்டில் சம்ப் பம்ப், அதாவது தரைக் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப், உண்டு. பேட்டரி பேக்கப்பும் உண்டு. கரண்ட் போனது, பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வாங்கி ஏழு வருடம், ஒரு நாளும் சோதித்ததில்லை. தண்ணீர் ஏறினால் பம்பை ஓட வைக்கும் மிதவையும் சுவரில் இடித்துக்கொண்டு சாய்ந்து நின்றது. இப்போது மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, பேட்டரியிலேயே ஓடுகிறதா என்று பார்க்கிறேன். மிதவை தடங்கல் இல்லாமல் ஏறுகிறதா, பம்ப் நின்றதும் ஏற்றிய தண்ணீர் மறுபடி குழிக்குள்ளேயே இறங்குகிறதா என்றும் கவனிப்பேன். இறங்கினால், தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வ் போய்விட்டது என்று அர்த்தம்.

ஹீட்டர் தண்ணீரில் முழுகியிருந்தது. காயவைத்துப் பற்றவைக்கலாமா என்று கேட்டேன். பிளம்பர் முடியவே முடியாது என்றுவிட்டார். காஸைக் கட்டுப்படுத்தும் வால்வில் வெள்ளம் புகுந்தால், இன்று எரிந்தாலும் உள்ளே துருப்பிடித்து நாளை கசியும். புதிதுதான் வாங்கினோம்.

காப்பீடு பற்றி ஒன்று. சாக்கடை திரும்பி வருவது சாதாரண வீட்டுப் பாலிசியில் பொதுவாக அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு வாங்கினாலும் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் வரைபடத்தில் தெரிந்த பிறகு வாங்கி லாபமில்லை.


ஆஷ்வில், வட கரோலினா

மலை மேல் இருக்கிறோம், கடல் எங்கோ இருக்கிறது. ஹெலீன் வந்து 53 நாள் எங்கள் ஊர்க் குழாயில் குடிக்கத் தக்க தண்ணீர் வரவில்லை. நவம்பர் 18 அன்றுதான் குடிக்கலாம் என்றார்கள். ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி டாய்லெட்டுக்கு ஊற்றினோம்.

நான் சொல்ல வந்தது, தண்ணீர் திரும்பி வரும் நாளைப் பற்றி. அக்டோபர் நடுவில் குழாய் சீறிக்கொண்டு காற்றைத் துப்பியது, பிறகு டீ நிறத்தில் தண்ணீர். எல்லோரும் சந்தோஷத்தில் சமையலறைக் குழாயைத் திறந்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடியே வையுங்கள். முதலில் வெளியே தோட்டக் குழாயைத் திறந்து கலங்கலை அங்கே போக விடுங்கள். பிறகு உள்ளே பச்சைத்தண்ணீர்க் குழாய்களை, நுனியில் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டுத் திறங்கள். நான் கழற்றிய வலையில் கடுகு மாதிரி மண் அடைத்திருந்தது. ஹீட்டரைக் கடைசியில் திறந்தேன்.

இன்னொன்று, புயலுக்கு முன் தோட்ட ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள். அழுத்தம் போனால் குழாய் உள்நோக்கி உறிஞ்சும். ஹோஸின் நுனி சேற்றில் கிடந்தால் அந்தச் சேறு நம் குடிநீருக்குள் வரும்.


ஹூஸ்டன், டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. தனிச்செய்தியில் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "நாங்கள் அபார்ட்மென்ட், எட்டாவது மாடி. மெயின் வால்வ் எங்கள் கையில் இல்லையே, நாங்கள் என்ன செய்வது?"

உயரமான கட்டடங்களில் மேல்மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றுவது பெரும்பாலும் கரண்டில் ஓடும் பம்ப்தான். தெருவில் தண்ணீர் நன்றாக வந்தாலும் உங்கள் குழாய் வறண்டுவிடும். அதனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சகோதரி சொன்ன குடம் கணக்கு உங்களுக்குத்தான் முதலில். உங்கள் வீட்டுக்கென்று தனி வால்வ் இருக்கிறதா, பம்ப்புக்கு ஜெனரேட்டர் உண்டா என்று ஆபீஸில் இப்போதே கேட்டு வையுங்கள். தண்ணீர் நின்றிருக்கும்போது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்து கிளம்பாதீர்கள். கரண்ட் வந்ததும் கீழ்வீடு நனையும்.

சிங்க் அடியிலும் டாய்லெட்டின் பின்னாலும் சின்ன வால்வுகள் இருக்கும். இன்று ஒவ்வொன்றையும் மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். எது சிக்குகிறதோ, எதன் கழுத்தில் ஈரம் தட்டுகிறதோ, அதைப் படம் எடுத்துப் போடுங்கள். பலவந்தம் வேண்டாம். ஜூன் 1க்கு முன்னால் மாற்றச் சொல்லி ஆபீஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.