நிறைவுற்ற கொழுப்பு கணையத்தின் பீட்டா செல்களை எவ்வாறு அழிக்கிறது? தேங்காய் எண்ணெய் குறித்து ஓர் ஐயம்

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சி சாலையில் உள்ளது எங்கள் ஊர். வீட்டில் பேசுவது தமிழ். தாளிப்பது தேங்காய் எண்ணெயில். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையின் அளவும் கூடிக்கொண்டே போகிறது. நிறைவுற்ற கொழுப்பு இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடும் என்று மருத்துவர் சொன்னதைக் கேள்விப்பட்ட பொள்ளாச்சி மாமா, மறுநாளே கடலை எண்ணெய் டின்னுடன் வந்து இறங்கிவிட்டார். சுரந்த இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காதது வேறு, சுரக்கும் செல்லே மடிவது வேறு அல்லவா? இந்த இரண்டாவது எப்படி நிகழ்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

செல்லியல் ஆய்வு மாணவி, கோவை:
இரண்டும் வேறுதான், ஐயா. ஆனால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இரண்டுமே நடக்கின்றன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் இன்சுலினை நேரடியாக உருவாக்குவதில்லை. முதலில் முன்னோடிப் புரதம் ஒன்றை உருவாக்கி, அதை எண்டோபிளாச வலை என்னும், செல்லின் புரதப் பட்டறைக்குள் சரியான வடிவில் மடிக்கிறது. உடல் இன்சுலினை மிகுதியாகக் கேட்கும்போது, அந்தச் செல் தயாரிக்கும் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுவாகவே இருக்கக்கூடும் என்பதால், அந்த வலையில் எப்போதும் நெருக்கடிதான். பால்மிட்டிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பமிலம் நீண்ட நேரம் மிகுந்திருந்தால், வலையின் சவ்வு விறைத்து, உள்ளே சேமித்திருந்த கால்சியம் குறைந்து, புரதங்கள் கோணலாக மடிந்து தேங்குகின்றன. செல் முதலில் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. நெருக்கடி நீடித்தால், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது.

இதில் இரத்தச் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. குளுக்கோஸ் மிகுந்திருக்கையில் கொழுப்பமிலங்கள் செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியும் வழி அடைபடுகிறது. எரியாத பால்மிட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி செராமைடு என்னும் நச்சுக் கொழுப்பாக மாறுகிறது. ஒலீயிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பமிலமோ செல்லுக்குள் கொழுப்புத் துளியாகத் தீங்கின்றி ஒதுங்கிவிடுகிறது. அது உடன் இருந்தால் பால்மிட்டிக் அமிலத்தின் தீங்கும் குறைவதைச் செல் வளர்ப்புச் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. கடலை எண்ணெயில் ஒலீயிக் அமிலம் நிறைய இருப்பதால், உங்கள் மாமாவைக் குறைசொல்ல மாட்டேன்.

சித்தூர் தோப்புக்காரர்:
மன்னிக்கவும், சகோதரி. நீங்கள் சொல்வதெல்லாம் பால்மிட்டிக் அமிலத்தைப் பற்றியது. தேங்காய் எண்ணெயில் அது பத்து விழுக்காட்டுக்கும் குறைவே. ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். பாமாயிலில்தான் பால்மிட்டிக் அமிலம் 44 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. பேக்கரிப் பண்டங்களிலும் மலிவான சிப்ஸிலும் போவது அந்த எண்ணெய். பழி மட்டும் எங்கள் தென்னைக்கு!

செல்லியல் ஆய்வு மாணவி, கோவை:
பாமாயிலைப் பற்றிச் சொன்னது சரி. பால்மிட்டிக் அமிலச் சோதனையை அப்படியே தேங்காய் எண்ணெயின் மேல் ஏற்றக்கூடாது என்பதும் சரி. ஆயினும் 2018இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், உடற்பருமன் உள்ளவர்களுக்கு மூன்று வாரம் நாள்தோறும் 1000 கிலோகலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி உண்ட குழுவில் கல்லீரல் கொழுப்பு 55 விழுக்காடு கூடியது. நிறைவுறாக் கொழுப்பு உண்டவர்களுக்கு 15 விழுக்காடுதான். முதல் குழுவின் இரத்தத்தில் செராமைடும் உயர்ந்தது. அது அளவுக்கு மிஞ்சி உண்ண வைத்த சோதனை. தாளிக்க விடும் ஒரு கரண்டிக்கு அது தீர்ப்பாகாது.

எண்ணெயைப் பற்றிய வாக்குவாதத்தில் சோற்றை மறந்துவிடக் கூடாது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது முதன்மையாக உருவாவது பால்மிட்டிக் அமிலமே. கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசியானாலும் தட்டு நிறைய மூன்று வேளை உண்டால், எண்ணெய் டின்னை மட்டும் மாற்றிப் பெரும் பயன் இராது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
நன்றி. அம்மாவுக்கு எவ்வளவு இன்சுலின் இன்னும் சுரக்கிறது என்பதை அறிய வழி உண்டா?

செல்லியல் ஆய்வு மாணவி, கோவை:
சி-பெப்டைடு பரிசோதனை உண்டு. முன்னோடிப் புரதத்திலிருந்து இன்சுலின் பிரியும்போது அதே எண்ணிக்கையில் வெளிவரும் துண்டு அது. வெளியிலிருந்து ஊசியாகப் போடும் இன்சுலினில் அது இராது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவையும் சேர்த்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.