பதில்: சின்டரிங் = 'உருகாப் பிணைப்பு'?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை வெள்ளவத்தையில் வகுப்பு. அடுக்குச் செராமிக் (மெல்லிய செராமிக் படைகளை அடுக்கிச் சுட்டுச் செய்வது) பற்றிய குறிப்பை அதற்குள் அச்சுக்குக் கொடுக்கவேண்டும், அதனால்தான் மறுபடி எழுதுகிறேன். தூளைச் சூளையில் சுட்டு, துணிக்கைகள் ஒட்டி இறுகச் செய்யும் 'சின்டரிங்' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதே நம் கேள்வி.

இங்கே முன்வைக்கப்பட்ட 'உருகாப் பிணைப்பு' அலுமினாவுக்கு (அலுமினியம் ஒட்சைட்டுக்கு) சரி. அது 2,050 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். சூளையில் 1,600 அளவிலேயே துணிக்கைகள் ஒட்டிப் பிடித்து, இடைத்துளைகள் அடைபடுகின்றன. ஆனால் பொரலஸ்கமுவ வெண்களியில் செய்யும் பீங்கானை எடுங்கள். அதில் சேர்க்கும் பெல்ஸ்பார் என்ற கனிமம் உருகிக் கண்ணாடியாகித்தான் துளையை நிரப்புகிறது. அதையும் 'உருகா' என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஐயா, நீங்கள் சொன்ன 'கிட்டங்கட்டல்' எனக்கும் பிடிக்கும். ஆனால் கிட்டம் இரும்பின் கழிவு, நாம் பேசுவதோ கழிவில்லாமல் இறுகுவதை. தனித்தமிழ் என்பதற்காக அதை எடுப்பதானால், வடமொழியிலும் 'கிட்ட' இருக்கிறதே.

நான் 'சுட்டிறுக்கல்' என்கிறேன். சுட்டு என்றதும் சுட்டெழுத்து நினைவு வரும் என்கிறார் அக்கா. செங்கல்லைச் சுட்டு அடுக்கினான் என்று படிக்கும்போது யாருக்கு அகரச்சுட்டு நினைவு வருகிறது? எனக்கு முக்கியம் 'இறுக்கல்'தான். செராமிக் தூள் கலந்த குழம்பைத் தகட்டால் மெல்லிய நாடாவாகத் தேய்த்து, உலர்த்தி, அடுக்கி, அழுத்தி, ஒன்றாகச் சுடுகிறோம். 100 மில்லிமீற்றர் நாடா 85 அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். பக்கத்துப் படை முந்தியோ பிந்தியோ சுருங்கினால் வளையும், இல்லாவிட்டால் படைபடையாகப் பிரியும். மாணவருக்கு விளங்கவேண்டிய சிக்கல் இதுதான். 'பிணைப்பு' அதைக் காட்டாது.

அப்புறம், சுடாத நாடாவைப் 'பச்சை நாடா' என்றால் நிறம் என்றே நினைக்கிறார்கள். சுடாத மண்பாண்டத்தைக் குறள் 660 'பசுமட்கலம்' என்கிறது. அந்த வழியில் 'பசும்படை' என்று வைக்கலாமா? படை என்றால் சேனை என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்வார்கள். இங்கே ஓசோன் படை என்று படித்த பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் வராது.

இதுவரை பதில் எழுதியவர்களில் கூடுதலானோர் 'சுட்டிறுக்கல்' பக்கம், பலர் களைத்துப்போய்த்தான். அக்காவின் மறுப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே முதல் பக்கத்தில் மட்டும் 'சுட்டிறுக்கல் அல்லது சின்டரிங்' என்று போடுகிறேன். 'பசும்படை'க்கு ஞாயிறு இரவுவரை காத்திருக்கிறேன்.