புதுப்பிப்பு: அப்பாவின் ஏட்ரியல் ஃப்ளட்டர், அப்லேஷன் முடிந்தது

ஓய்வில்கூட அப்பாவின் நாடித்துடிப்பு 150-லேயே நிற்பது ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘2:1 ஃப்ளட்டரா என்று பார்க்கச் சொல்லுங்கள்’ என்றவர் சொன்னதுதான் சரி. ஃப்ளட்டர் என்பது இதயத்தின் மேலறை மிதமிஞ்சிய வேகத்தில் துடிக்கும் கோளாறு. அப்பாவுக்கு மேலறை நிமிடத்துக்குச் சுமார் 300 முறை துடிக்க, ஏவி கணு (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் இடம்) ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் கீழே அனுப்பியிருக்கிறது; அதுதான் 2:1. இசிஜியில் ரம்பப்பல் அலைகள் தெளிவாகவே இருந்தன.

வலது மேலறையில், மூவிதழ் வால்வைச் சுற்றி மின் அலை ஒன்று ஓடிக்கொண்டிருந்ததாம். அந்த வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவிலுள்ள குறுகிய தசைப்பகுதியில் கதீட்டரால் (இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) வரிசையாகச் சூடுவைத்து அந்த அலையின் வழியை அடைத்தார்கள்; இதுதான் அப்லேஷன். எதிர்பாராதது ஒன்று: பாதியிலேயே துடிப்பு சீராகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. சூடுவைக்கும் வரிசையை முழுதாக முடித்து, இரு பக்கமிருந்தும் மின்தூண்டல் கொடுத்து, மின் அலை எந்தத் திசையிலும் அதைக் கடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

அப்புறம், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தொடர்கிறது. துடிப்பு சரியானாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதீர்கள்.